கேட்டுக் கட்டிய மாடி

என் ஜெராக்ஸ் கடைக்குக் கதவு கிடையாது. பழவேற்காடு பஜாரில் ஷட்டரைத் தூக்கிவிட்டால் தெருவும் கடையும் ஒன்றுதான். ஆடு வந்து பேப்பர் கட்டில் வாய் வைக்கும். மீன் வாங்கப் போகிறவர்கள் வெயிலுக்கு உள்ளே வந்து நின்று, என் ஃபேனைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். ஏரிக்கரைக் குப்பத்து அக்கா ஒருவர் மட்டும் ஷட்டர் விழும் கோட்டுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்பார்.

“உள்ள வரலாமா பாய்?”

வருஷக்கணக்காக இதே கேள்வி. ஒருநாள் வேடிக்கைக்கு, “வேணாம்க்கா, வராத” என்று சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். “சரி பாய், அப்பால வரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டார். நான் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி, மீன் மார்க்கெட் திருப்பத்தில் பிடித்துக் கூட்டிவந்தேன். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தானே என்று போயிருக்கிறார்.

பக்கத்து வீட்டு முருங்கைக் கிளை அக்கா வீட்டுக் கூரைமேல் சாய்ந்திருக்கும். காற்றில் விழுந்த காயைக்கூட வேலியோரம் நின்று கேட்டுவிட்டுத்தான் பொறுக்குவார். பஸ்ஸில் காலி சீட்டு இருந்தாலும் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டு உட்காருவார். இறால் உரித்து உரித்து விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்ததால் ரேஷன் கடை மிஷினில் கைநாட்டு விழாது. “வெக்கட்டுமா சார்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கேட்டு வைப்பார். பின்னால் நிற்கிற வரிசை பொறுமை இழந்து கத்தும். எனக்குமே எரிச்சல்தான் வரும். பிழைக்கத் தெரியாத மனுஷி என்று என் வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஏரியில் மீன் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று குப்பத்தில் சீட்டுக் குலுக்கி முறை வைத்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். முறை இல்லாத நாளில் அங்கே வலை போட்டவனை ஊர் சும்மா விடாது. குலுக்குவதற்கு முன்னால் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்த பெயரை நடுவில் எடுத்துக்கொண்டால் அடுத்த குலுக்கல் வரைக்கும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். பெயரைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் எப்படியும் ஒரு நாள் முறை வந்துவிடும். அக்காவின் அப்பா ஒருநாள் வழியில் இறால் மந்தையாகத் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, அன்று தன் முறை இல்லை என்பதால் வெறும் படகோடு திரும்பி வந்தவராம். இதை அக்கா பெருமையாகச் சொன்னார்.

“அன்னிக்கு வூட்ல சோறு இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல பாய். ஆனா எங்க நைனா வாசல்ல வந்து ஒரு ஆளு கொரல் ஒசத்துனது இல்ல” என்றார்.

பாடு ஆண்களுக்குத்தான். முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அக்காவின் புருஷன் போனபோது, மகன் இல்லாத வீடு என்பதால் முறையும் கூடவே போயிற்று. இருந்தது ஒரே மகள். அவளை அனுப்பம்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தது. எங்களோடு வந்து இரும்மா என்று மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். மருமகன் வீட்டில் போய்க் குந்த அக்காவுக்கு மனசே இல்லை. “சாவுற வரைக்கும் எம்வூட்ல இருக்கணும் பாய். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்” என்பார். அதற்காகத்தான் படகையும் வலைகளையும் விற்று, வீட்டுக்கு மேலே இரண்டு அறை கட்டினார். பறவை பார்க்க வருகிறவர்களைத் தங்கவைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

கட்டுவதற்கு முன்னால் ஊரைக் கேட்காமல் இருப்பாரா? கோயில் முன்னால் ஊர் கூடிய அன்றைக்கு வெற்றிலை பாக்கோடு போய் ஓரமாக நின்று கேட்டார். பெரியவர்கள் கட்டிக்கோ என்றார்கள். ஊர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை என் கடையில் பத்து காப்பி எடுத்தார். ஒன்றைப் பிளாஸ்டிக் உறை போட்டு மாடிப்படிக்குப் பக்கத்தில் மாட்டினார்.

“மாடிதான் பாய் இனிமே எனக்குப் பாடு” என்றார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மார்கழியில் ஏரிக்குப் பூநாரைகள் வரும். அவற்றைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள். அக்கா மாடியின் ஜன்னலைத் திறந்தால் ஏரிதான். முதலில் தங்கியது ஒரு புருஷன் பெண்டாட்டி. கார் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது, வேறு வழியில்லாமல் தங்கினார்கள். அக்கா நண்டுக் குழம்பு வைத்துப் போட்டார். மறுநாள் கிளம்பும்போது அவர்கள் பணத்தை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்.

“இன்னும் கேக்கல சார். கேட்டுட்டு வாங்கிக்கறேன்.”

“யாரைக் கேட்கணும்?”

“கவர்மெண்ட்ட.”

அவர்கள் ஏதோ ஜோக் என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பஜாருக்குப் பின்னால் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை நானும் வாடகைக்கு விடுகிறேன். போன் வந்தால் சாவியை எடுத்துக்கொண்டு போவேன். எந்த ஆபீஸிலும் எந்தக் காகிதமும் கொடுத்ததில்லை. எங்கள் ஊரில் அப்படி விடுகிறவர்கள் என்னைப்போல் இன்னும் சிலர் இருந்தார்கள். அதனால் அக்கா அனுமதிக்கு மனு அடிக்க வேண்டும் என்று வந்து நின்றபோது மனசார எடுத்துச் சொன்னேன்.

“இங்க யாருக்கா அதெல்லாம் வாங்கிக்கினு கீறாங்க? போர்டு வெக்காத. போன்ல பேசு, வுடு. யாரு வந்து கேக்கப் போறாங்க?”

“கேக்காம வுட்டா திருட்டுத்தனம் மாரி ஆயிடும் பாய். பின்ன நான் எப்பிடி வூட்டுக்கு வர்றவங்க மூஞ்சியப் பாக்கறது?”

அது எனக்குச் சுருக்கென்று பட்டது. என்னை நினைத்துச் சொல்லவில்லை என்று தெரியும். தெரிந்தும் பட்டது.

அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். அய்யா நல்லா இருக்கீங்களா என்று ஆரம்பிக்கச் சொன்னார். அதை மட்டும் எடுத்துவிட்டேன். பிறகு வந்தது: வீடு ஏரிக்கரையில் இருக்கிறது, மாடி புருஷன் இறந்தபிறகு கட்டியது, ஊரைக் கேட்டுக் கட்டியது, ஊர் சம்மதம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நான் கையை நிறுத்தினேன். மாடி எப்போது கட்டியது என்று யாரும் கேட்கவில்லையே, அதை எதற்கு எழுத வேண்டும் என்றேன். “உள்ளத உள்ளபடி எழுது பாய்” என்றார். கரையோரம் புதிதாகக் கட்ட என்னென்ன தடை இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். மனு அடிக்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது. அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டிருக்கலாம். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், கண்டுபிடித்திருக்க மாட்டார். நான் விடவில்லை. பிடிவாதக்காரி, பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஓர் எரிச்சல். இவருக்குக் கிடைக்காவிட்டால் அந்த ஆட்கள் என் பின்கட்டுக்குத்தானே வருவார்கள் என்று மனசின் ஒரு மூலை சொன்னதும் நிஜம். இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் அலைச்சல். ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸின் தடையின்மைச் சான்று கேட்டார்கள். அங்கே போனால் மூன்றாவது ஆபீஸின் சான்று. தீயணைப்பு, போலீஸ், சுகாதாரம், பறவைகள் வருகிற ஏரி என்பதால் வனத்துறை. துணிக்கடைப் பை ஒன்றில் எல்லாக் காகிதத்தையும் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பொன்னேரி பஸ்ஸில் போவார். அங்கிருந்து ரயிலோ வேறு பஸ்ஸோ பிடிப்பார். திரும்பிவந்து கடைவாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுக் கதை சொல்வார்.

“தடை இல்லன்னு சொல்றதுக்கு இத்தினி பேரா பாய்?”

ஊர் நோட்டுக் காப்பியைப் பார்த்த ஒரு கிளார்க், “ஊர்னா யாரும்மா? இதுல கையெழுத்துப் போட்டவருக்கு என்ன பதவி?” என்று கேட்டாராம். “பதவி இல்ல சார், அவுங்கதான் ஊரு” என்று இவர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதில் எங்கே தப்பு என்று எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

அந்தக் கிளார்க் நல்ல மனுஷன். இன்னொரு நாள் அக்காவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், “இந்த மனுவை வாபஸ் வாங்கிக்கிட்டுப் போயிடும்மா, சொன்னா கேளு” என்று சொல்லியிருக்கிறார். அக்கா அதை என்னிடம் வந்து ஏதோ சூழ்ச்சியைக் கண்டுபிடித்தவர்போலச் சொன்னார்.

“பேர எடுத்துக்கச் சொல்றாரு பாய். எடுத்தா மொற போயிடும்ல? எனக்குப் பின்னால வந்தவன் யாருக்கோ குடுக்கப் பாக்கறாங்க.”

“அக்கா, அந்தாளு உனக்கு நல்லதுதான் சொல்லிக்கீறான். எடுத்துடு.”

“நீயுமா பாய்? பேரு குடுத்துட்டு எடுத்தவன எங்க ஏரில ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

“ஆபீசு ஏரி இல்லக்கா.”

“எங்க இருந்தா இன்னா பாய், மொறன்னா மொறதான். குந்திக்கினு இருந்தா வரும்.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாபஸ் வாங்க வைத்திருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க ஒருவர் காத்திருந்தார், நான் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

ஒருநாள் அளக்க வந்தார்கள். அக்காவுக்குக் கால் தரையில் இல்லை. வாசலில் பெரிய கோலம். டீக்கு ஏலக்காய் வாங்க பஜாருக்கு வந்தவர் என்னையும் கூட வரச்சொன்னார். வந்தவர்கள் மரியாதையானவர்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்று டேப் பிடிக்க வேண்டியிருந்தது. கரை சேறாக இருந்ததால் அவர்கள் ஷூவோடு தயங்கி நின்றார்கள். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி டேப்பின் முனையைப் பிடித்தார்.

“தண்ணிக்குள்ள போவாதம்மா, விளிம்புல பிடிச்சாப் போதும்” என்றார் ஒருவர்.

“இங்கியா சார்? நல்லா இழுத்துப் புடிங்க. தொள தொளன்னு வுட்டா அளவு தப்பாப் போயிடும்.”

டேப் தளர்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எழுதிக்கொண்டிருந்தவர் எண்ணைப் பார்த்தார், மாடியைப் பார்த்தார், பிறகு குனிந்து எழுதினார். டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

நோட்டீஸ் வந்தது. அதை என் கடையில் நான்தான் படித்துக் காட்டினேன். நீர்நிலைக்கு இத்தனை மீட்டருக்குள் உரிய அனுமதி பெறாமல் எழுப்பப்பட்ட மேல்தளம், பயன்படுத்தக் கூடாது, ஏன் அகற்றக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும் என்று இருந்தது. அக்கா முழுவதையும் கேட்டார். இரண்டாவது தடவை படிக்கச் சொல்லியும் கேட்டார்.

“அனுமதி இல்லாமன்னு போட்டுக்கீதா?”

“ஆமாக்கா.”

“ஊரக் கேட்டுத்தான கட்டினேன்? நீதான பாய் காப்பி எடுத்துக் குடுத்த?”

கொஞ்ச நாளில் மாடிப்படியில் சீல் வைத்துவிட்டார்கள். அளக்க வந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. கரையை ஒட்டிய வேறு மூன்று வீடுகளுக்கும் நோட்டீஸ் போயிற்று. அதில் ஒன்று, ஊர் நோட்டில் கையெழுத்துப் போட்ட பெரியவருடைய மகன் வீடு. என் பின்கட்டு கரையில் இல்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் கூடியது. மனு அடித்தவன் என்று என்னையும் வரச்சொன்னார்கள். பெண்கள் ஓரத்தில் நின்றார்கள். அக்கா அவர்களுக்கும் பின்னால் நின்றார். கையெழுத்துப் போட்ட அந்தப் பெரியவர் கேட்டார்.

“மாடி கட்டறதுக்கு ஊரக் கேட்ட. ஆபீசுல மனுப் போடறதுக்கு ஊரக் கேட்டியா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த உலகத்தில் யாரைப் பார்த்து என்ன கேள்வி கேட்கிறார்கள்! விழுந்த முருங்கைக்காயைக் கேட்டு எடுக்கிறவரைப் பார்த்துக் கேட்காமல் செய்துவிட்டாயே என்கிறார்கள். அக்கா சண்டை போடுவார், அழுவார், ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் நிஜமாகவே யோசித்தார்.

“கேக்கல” என்றார். “அது தப்புதான். பாய் மேல ஒண்ணும் இல்ல, நான் சொன்னேன், அவரு அடிச்சாரு.”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

ஊர் அவருக்குத் தண்டம் எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் கட்டிவிட்டு நிமிர்ந்திருப்பார். அதற்குப் பிறகு இறால் உரிக்க யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மாடியும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு மழைக்காலம் தாக்குப்பிடித்தார். பிறகு மகள் வந்து, கீழ்வீட்டைப் பூட்டி, அவரை அனுப்பம்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

நான் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இரண்டு அறைக் குடித்தனம். மருமகன் கெட்டவர் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “மாப்ள, பாய்க்கு டீ போடட்டா?” என்று அக்கா கேட்டார். போடுங்க என்றார். “பால்ல கொஞ்சம் எடுத்துக்கட்டா?” எடுத்துக்குங்க என்றார். அவர் சும்மா பதில்தான் சொன்னார். எனக்குத்தான் அந்த டீ இறங்கவில்லை. ஊரில் கேட்கும்போது அக்காவிடம் ஒரு மிடுக்கு இருக்கும், மறுத்தாலும் குறைந்துபோகாத மிடுக்கு. இங்கே அது இல்லை. பயம் இருந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

“பாய், இன்னொரு மனு அடிக்கலாமா?”

“இன்னா எழுதணும்க்கா?”

“மாடிய இடிச்சிக்கட்டும். கீழ்வூட்ல நான் வந்து இருந்துக்கட்டுமான்னு கேளு.”

“கீழ்வூடு உன்னுதுக்கா. உங்க மாமனார் காலத்து வூடு. அதுக்கு யாரையும் கேக்க வேணாம். சாவிய எடுத்துக்கினு நாளைக்கே வா.”

“இல்ல பாய். ஒரு தபா கேக்காம மனுப் போட்டதுக்கே இவ்ளோ ஆச்சி. இந்த தபா ஊரயும் கேட்டுடு, ஆபீசுலயும் கேட்டுடு. அவுங்க சொல்லட்டும், வரேன்.”

அந்த மனுவை நான் அடிக்கவில்லை. அடித்துக் கொடுத்தால், கீழ்வீட்டையும் ஒரு டேப் வந்து அளக்கும் என்று பயந்தேன். ஊரிடமும் பேசவில்லை, அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கொடுத்துவிட்டேன் என்று அக்காவிடம் பொய் சொன்னேன். கொஞ்ச நாளில் அவரே சலித்துப்போய் வந்துவிடுவார் என்று நினைத்தேன். முறை வரும் என்று உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர் சலிக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றாமல் போனது.

மாதம் ஒரு தடவை மகளுடைய போனிலிருந்து கூப்பிடுவார். “பேசலாமா பாய்? கடைல ஆளு கீதா?” என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார். “பதிலு வந்துச்சா?” என்பார். இன்னும் இல்லைக்கா என்பேன். “வரும், வரும்” என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இரண்டு பூநாரைப் பருவம் இப்படியே போயிற்று. இரண்டு பருவத்திலும் என் பின்கட்டு காலியாக இருந்ததே இல்லை.

போன தை மாதம் ஒருநாள் காலை, ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது அதே நம்பரிலிருந்து கூப்பிட்டது. அக்கா இல்லை, மகள்.

“பாய், அம்மா விடியக்காலைல பூட்ச்சி.”

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அம்மாவைப்போலவே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அம்மாவ அங்க எடுத்துக்கினு வந்து, வூட்டு வாசல்ல கொஞ்ச நேரம் வெச்சிட்டு எடுத்துக்கலாம்னு எங்கூட்டுக்காரு சொல்றாரு. அம்மா கேட்டுக்கினு இருந்தாளே, அந்த பர்மிஷன்... அது வந்துடுச்சா பாய்?”

“வந்துடுச்சும்மா” என்றேன். “எடுத்துக்கினு வா.”